கோடை லீவும் ஆகாய விமானக் கட்டணமும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் குடும்பஸ்தர்களை இரண்டு சூடு வாட்டுகிறது. ஒன்று வெயிலின் சூடு. மற்றொன்று ஆகாய விமானக் கட்டணத்தின் சூடு. முதலாவதற்கு மோர் இருக்கிறது, நுங்கு இருக்கிறது. இரண்டாவதற்கு என்ன மருந்து என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

விமானப் பிரயாணம் சீமான்களின் விஷயம், அதைப் பற்றி நமக்கென்ன என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம் என்று தொலை தூரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே ஏராளம். மேஸ்திரி, ஃபோர்மன், சூப்பர்வைசர் என்று கொஞ்சம் மேலே வந்தவர்கள் மனைவி மக்களையும் அழைத்து வந்து, கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் வாடகை வீட்டில் குடித்தனம் செய்கிறார்கள். பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பிறந்த ஊருக்குப் போக வேண்டும். மற்றொரு பக்கம் நம்மூர்க் குடும்பங்கள். தகப்பனார் திருவள்ளூரிலோ பொன்னேரியிலோ இருந்து ஆலைக்குப் போய் வருகிறார். வாழ்நாளில் ஒரு தடவையாவது பிள்ளைகளுக்கு டில்லியைக் காட்ட வேண்டும், காசிக்குப் போக வேண்டும், பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஊர் வேறு, ஆசை வேறு. ஆனால் இரு சாராரும் புறப்பட வேண்டிய வாரம் மட்டும் ஒன்றே. பள்ளிக்கூடம் மூடிய பிறகு, திறப்பதற்கு முன்பு.

அந்த ஒரே வாரத்தைத்தான் விமானக் கம்பெனி விலை பேசுகிறது.

ரயில் இருக்கிறதே!

"ரயில் இருக்கும்போது விமானம் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கும்மிடிப்பூண்டி வழியாகவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. கல்கத்தாவுக்குப் போகும் கோரமண்டல் ஓடுகிறது. எல்லாம் கும்மிடிப்பூண்டியில் நிற்காமல் ஓடுகின்றன. அவற்றில் ஏற வேண்டுமானால் எதிர்த்திசையில் சென்னைக்குப் போய் ஏறி, மறுபடியும் தன் வீட்டு வாசலைத் தாண்டி வடக்கே போக வேண்டும். இது ஒரு வேடிக்கை.

வேடிக்கை போகட்டும், கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து டில்லிக்கு ரயில் பாதை சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கே ஏறக்குறைய ஒன்றரை நாள் பிடிக்கிறது. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். குவாஹாத்திக்கு என்றால் ஒரு வழிக்கே இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் லீவு கிடைத்தவனுக்கு அதில் மூன்று, நான்கு நாள் தண்டவாளத்தின் மேலேயே கழிந்துவிடும். அதற்கும் இடம் கிடைத்தால்தானே! முன்பதிவு 120 நாளுக்கு முன்பே தொடங்கும் வழக்கம் மாறி, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் என்று ஆகிவிட்டது. கோடைக்கால ஆசனங்கள் பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்துபோவதை நாம் காண்கிறோம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால், 2016 முதல் முழுக் கட்டணம்.

இந்த நெரிசல் எப்படிப்பட்டது என்பதைக் கவரைப்பேட்டை ஜனங்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, மைசூரிலிருந்து தர்பங்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், நேர்ப்பாதையில் போக வேண்டியது கிளைப்பாதையில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதிற்று. பலர் காயமடைந்தார்கள், தெய்வாதீனமாக உயிர்ச் சேதம் இல்லை. அந்த வண்டியில் இருந்தவர்களில் பெரும் பகுதியினர் பண்டிகைக்காகப் பீகாருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகளை இருட்டில் இறக்கி, கல்யாண மண்டபங்களில் தங்க வைத்துப் பிறகு வேறு ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஊருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு இருக்கும் வண்டிகள் எத்தனை என்பது அன்று இரவு நன்றாகத் தெரிந்தது.

ஆகவே கையில் நாலு காசு சேர்ந்தவன் விமானத்தை நாடுவதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. லீவு நாளை மிச்சம் பிடிக்கிறான், அவ்வளவுதான்.

ஒரே விமானம், பத்து விலை

விமானக் கட்டணத்தைப் பற்றி முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இருப்பதுபோல் அது தூரத்துக்குக் கூலி அல்ல. அவசரத்துக்குக் கூலி.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1953-ல் சர்க்கார் தனியார் விமானக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கி இந்தியன் ஏர்லைன்ஸை ஏற்படுத்தியது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் உள்நாட்டு விமானத்துக்குச் சர்க்கார் வைத்ததே கட்டணம். சட்டத்தை 1994-ல் ரத்து செய்து, தனியார் கம்பெனிகளை முறைப்படி அனுமதித்தபோது கட்டணமும் அவர்கள் கைக்குப் போயிற்று. 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் என்ற கம்பெனியைத் தொடங்கி, சில ஆசனங்களை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றுக் காட்டினார். அவருடைய வாழ்க்கையைத் தழுவித்தான் 2020-ல் 'சூரரைப் போற்று' படம் வந்தது. படம் பார்த்தவர்கள் ஒரு ரூபாயை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த விமானத்திலேயே மற்ற ஆசனங்கள் வேறு வேறு விலைக்கு விற்றன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வித்தை அமெரிக்காவில் பிறந்தது. அங்கே 1978-ல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதும் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய கம்பெனி மலிவுக் கட்டணத்தில் கிளம்பியது. பழம்பெரும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-ல் பதிலடி கொடுத்தது. எல்லா ஆசனத்துக்கும் விலையைக் குறைக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டு கணக்குப் போட்டு, எப்படியும் காலியாகப் போகக்கூடிய ஆசனங்களை மட்டும் முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களிடம் பழைய விலையையே வாங்கியது. இரண்டு வருஷத்துக்குள் பீப்பிள் எக்ஸ்பிரஸ் மறைந்தது. அன்று முதல் உலகம் முழுவதும் இதே முறைதான்.

நம்மூர் விமானம் ஒன்றில் 180 ஆசனங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அவற்றைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கீழ்ப்படியில் சில ஆசனங்கள். அவை விற்றால் அடுத்த படி. அதுவும் விற்றால் அதற்கு மேல். நவராத்திரிக் கொலு மாதிரி. மே மாத விமானத்துக்குக் கீழ்ப்படிகளில் சில பொம்மைகளே வைப்பார்கள், ஆகஸ்டு மாத விமானத்துக்கு நிறைய வைப்பார்கள். செல்போனில் காலையில் பார்த்த விலை மாலையில் ஏறிவிட்டதென்றால், இடையில் யாரோ கீழ்ப்படியைக் காலி செய்துவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் அர்த்தம். "அடிக்கடி பார்த்தால் விலை ஏறும்", "செவ்வாய்க்கிழமை நடுராத்திரி வாங்கினால் மலிவு" என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். இந்த மாந்திரீகங்களை நம்பி நடுராத்திரி கண் விழிப்பதைவிட, கொலுப்படிக் கணக்கைப் புரிந்துகொள்வது மேல்.

குடும்பமாகப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. கீழ்ப்படியில் 5,000 ரூபாய்க்கு மூன்று ஆசனம்தான் மிச்சம், அடுத்த படி 6,200 ரூபாய் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்கிறீர்கள். கீழ்ப்படியில் நான்கு இல்லை. ஆகவே யந்திரம் நான்கு பேரையும் மேற்படிக்கு ஏற்றிவிடும். 24,800 ரூபாய் ஆகிறது. அதையே தாயாரும் இரண்டு பிள்ளைகளும் ஒரு டிக்கெட்டில், தகப்பனார் தனி டிக்கெட்டில் என்று பிரித்து வாங்கினால் 21,200 ரூபாய். 3,600 ரூபாய் மிச்சம். டில்லியில் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு வந்துவிட்டது. ஆகையால் முதலில் ஒருவருக்குக் கேட்டுப் பாருங்கள், பிறகு இருவருக்கு, மூவருக்கு, கடைசியில் நால்வருக்கு. விலை எங்கே துள்ளுகிறதோ அங்கே பிரியுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பிள்ளைகளைத் தனி டிக்கெட்டில் தள்ளிவிடக் கூடாது. விமானம் ரத்தாகி மாற்று விமானம் தரும்படி நேர்ந்தால் இரண்டு டிக்கெட்டையும் கம்பெனி வெவ்வேறாகவே பார்க்கும்.

இரண்டு வயது நிறையாத கைக்குழந்தைக்கு மடியில் இடம், கட்டணம் சொற்பம். இரண்டு வயது தாண்டிவிட்டால் மலிவுக் கம்பெனிகளில் குழந்தைக்கும் பெரியவர் கட்டணமே. ரயிலில் அரை டிக்கெட் வாங்கிப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

எந்த வாரம், எந்த நாள்

நம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. இங்கே பள்ளிக்கூடங்கள் ஏப்ரல் கடைசியிலேயே மூடிவிடுகின்றன. வட மாநிலங்களில் பெரும்பாலும் மே நடுவில்தான் மூடி, ஜூன் முழுவதும் விடுமுறை. அவர்கள் கிளம்புவதற்கு முன்பே, அதாவது ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே பத்து தேதிக்குள், நாம் போய்த் திரும்பிவிட்டால் இரண்டு கூட்டத்தில் ஒரு கூட்டத்திலிருந்தாவது தப்பலாம். பள்ளி திறக்கப் போகும் கடைசி வாரம் வரை உட்கார்ந்திருந்து, எல்லோரும் திரும்பும் ஞாயிற்றுக்கிழமையில் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய பழக்கம். வெள்ளி, ஞாயிறை விட்டு, செவ்வாய், புதன் என்று வார நடுவில் புறப்பட்டால் கட்டணம் இறங்குவதைப் பார்க்கலாம். ஷிப்ட் முறையில் வேலை செய்து, வார விடுமுறை வேறு நாளில் வருகிறவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

போக வர இரண்டும் விமானமாகவே இருக்க வேண்டுமென்று சட்டமில்லை. ஒரு வழி ரயில், ஒரு வழி விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தத் திசையில் கட்டணம் குறைவோ அதில் விமானம். பிள்ளைகளுக்கும் விந்திய மலையையும் கோதாவரிப் பாலத்தையும் ஜன்னல் வழியே பார்த்த மாதிரி இருக்கும். விமானத்திலிருந்து மேகம்தான் தெரியும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

விளம்பரத்தில் தெரியும் கட்டணம் மீனம்பாக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. கும்மிடிப்பூண்டிக்காரனின் பிரயாணம் அவன் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குகிறது. நடுவில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

விடியற்காலை ஐந்து மணி விமானம் மலிவாக இருக்கும். தலைக்கு ஐந்நூறு ரூபாய் குறைவு என்றால் நால்வருக்கு இரண்டாயிரம் லாபம் என்று மனம் துள்ளும். ஆனால் அந்த விமானத்தைப் பிடிக்க இரவு ஒரு மணிக்கு வாடகைக் கார் ஏற வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் வழியாகவோ, புழல் பக்கமாகவோ நகரத்தைக் கடந்து மறுகோடிக்குப் போக வேண்டும். அந்த இரண்டாயிரம் ரூபாய் கார்க்காரர் கைக்குப் போய்விடும், தூக்கமும் போய்விடும்.

இதற்கு ஒரு நல்ல மாற்று இருப்பது பலருக்குத் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. விம்கோ நகரில் இறங்கலாம். 2021 பிப்ரவரியில் திறந்த பாதையில், அங்கிருந்தே மெட்ரோ ரயில் நேராக விமான நிலையத்துக்குள் கொண்டு போய் விடுகிறது. மாற வேண்டிய அவசியமில்லை. மெட்ரோ கட்டணம் தலைக்கு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். மெட்ரோ காலை ஐந்து மணி அளவில்தான் ஓடத் தொடங்குகிறது என்பதால், ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விமானத்தின் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மொத்தச் செலவில் அதுவே மலிவாக முடியலாம். திருவள்ளூர்க்காரர்கள் சென்ட்ரலுக்கு வந்து மெட்ரோவில் மாறிக்கொள்ளலாம்.

திருப்பதிக்கு அருகே ரேணிகுண்டாவில் விமான நிலையம் இருக்கிறது. பெங்களூரில் பெரிய நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ரேணிகுண்டாவிலிருந்து புறப்படும் விமானங்கள் குறைவு. பெங்களூர் நிலையம் தேவனஹள்ளியில், நகரத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. ரயில் கட்டணம், அங்கே பஸ், ஒரு வேளைச் சாப்பாடு எல்லாவற்றையும் நால்வரால் பெருக்கிக் கழித்த பிறகும் மிச்சம் நின்றால் போகலாம். பெரும்பாலும் நிற்காது.

சாமான் விஷயமும் அப்படித்தான். உள்நாட்டு விமானத்தில் தலைக்குப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்பது சாதாரணக் கணக்கு. ஊருக்குப் போகிறவன் அரிசி, ஊறுகாய், புடவை, மிக்ஸி என்று கட்டாமல் இருப்பானா? அதிக எடைக்கு விமான நிலையத்தில் கேட்கும் தொகையைவிட முன்னதாகவே கட்டினால் குறைவு. ஜன்னல் ஓரம், முன் வரிசை என்று ஆசனம் தேர்ந்தெடுக்கத் தனிப் பணம். இணையத்தில் வாங்குவதற்கே 'சௌகரியக் கட்டணம்' என்று தலைக்குத் தலை வாங்குகிறார்கள். யாருடைய சௌகரியம் என்று கேட்கத் தோன்றுகிறது.

பிரயாணிக்குச் சாதகமான இரண்டு விதிகளையும் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டுப் பிரயாணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது விமானக் கம்பெனியிடமே டிக்கெட் வாங்கினால், வாங்கிய பிறகு விதியில் குறித்த நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்துகொள்ளலாம். ஆகவே நல்ல விலை கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டு, வீட்டில் ஆற அமர யோசிக்கலாம். இரண்டாவது, 'பணம் திரும்பாது' என்று அச்சிட்ட டிக்கெட்டை ரத்து செய்தாலும், விமானத்தைத் தவறவிட்டாலும், சர்க்கார் வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் கம்பெனி திருப்பித் தரத்தான் வேண்டும். கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. நால்வர் குடும்பத்துக்கு அது சிறு தொகை அல்ல.

பதினைந்து நாளும் அறுபது நாளும்

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆலைத் தொழிலாளி ஒரு கேள்வி கேட்பான். "இரண்டு மாதம் முன்னால் வாங்கு, வாரத்தின் நடுவில் போ என்று சொல்கிறீர்கள். எனக்கு லீவு உண்டா இல்லையா என்பதே பத்து நாளைக்கு முன்புதானே தெரிகிறது?"

இங்கேதான் உண்மையான கோளாறு இருக்கிறது. கட்டணத்தைக் கூட்டுகிறவன் விமானக் கம்பெனி மட்டுமல்ல, லீவுச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் மேஜை மேல் வைத்திருக்கும் அதிகாரியும்தான்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் லீவு உண்டு என்றது. 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 240 நாளை 180 ஆகக் குறைத்திருக்கிறது. நல்லதுதான். வருஷம் முழுவதும் ஒழுங்காக வேலைக்கு வந்தவனுக்குப் பதினைந்து நாள் போலக் கிடைக்கும். ஆனால் எத்தனை நாள் என்பதைச் சொல்லும் சட்டம், எப்போது என்பதைக் குடும்பஸ்தன் எவ்வளவு முன்னதாக அறிய வேண்டும் என்பதில் அக்கறை காட்டவில்லை. பழைய சட்டப்படி லீவுக்குப் பதினைந்து நாள் முன்பு விண்ணப்பித்தால் போதும். 1948-ல் பதினைந்து நாள் தாராளமாக இருந்திருக்கும். மாட்டு வண்டியிலோ பாசஞ்சர் ரயிலிலோ ஊருக்குப் போனவனுக்கு முன்பதிவு எதற்கு? இன்று ரயில் பதிவு 60 நாளுக்கு முன்பு திறந்து உடனே முடிகிறது. விமானத்தின் கீழ்ப்படி ஆசனங்கள் ஆறு, எட்டு வாரத்துக்கு முன்பே போய்விடுகின்றன. பதினைந்து நாள் முன்பு கேட்டு, பத்து நாள் முன்பு லீவு கிடைத்தவனுக்கு மிஞ்சுவது மேற்படி ஆசனம் ஒன்றுதான். அதாவது அவனுடைய சம்பளத்துடன் கூடிய லீவின் சம்பளம் அப்படியே விமானக் கம்பெனிக்குப் போகிறது.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் பாடு இதைவிட மோசம். அவர்களில் பலருக்குச் சம்பளத்துடன் லீவு என்பதே ஏட்டளவில்தான். ஊருக்குப் போனால் அத்தனை நாள் கூலியும் போயிற்று. திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்ற பயம் வேறு. அவர்கள் கடைசி நிமிஷத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போவதற்கு ஏழ்மை ஒரு காரணம் என்றால், தேதி தெரியாமை மற்றொரு காரணம்.

ஆலை நிர்வாகிகள் தங்கள் பக்கத்தையும் சொல்வார்கள். உலையை நினைத்தபோது அணைக்க முடியாது. எல்லோரும் மே மாதத்தில் போய்விட்டால் ஷிப்டுக்கு யார் வருவது? வாஸ்தவம். அதனால்தானே முன்கூட்டியே திட்டம் போட வேண்டும் என்கிறோம்! பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 79-ஆவது பிரிவிலேயே இதற்கு ஒரு வழி இருந்தது. வேலை தடைப்படாமல் இருப்பதற்காக, நிர்வாகமும் தொழிலாளர் கமிட்டியும் ஒத்துப் பேசி, யார் யாருக்கு எப்போது லீவு என்று ஒழுங்கு செய்யும் திட்டத்தை எழுத்தில் தயாரித்து, தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொடுத்து வைக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தது. சட்டம் மாறினாலும் யோசனை பழசாகவில்லை. இப்படிச் செய்யக் கூடாதென்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பொதுத் தேர்வு அட்டவணைகூட இப்போது பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிறது. கல்வி இலாகாவால் முடிவது கம்பெனிக் காரியாலயத்தால் முடியாதா?

சர்க்காரின் பங்கு

கட்டணத்துக்குச் சர்க்கார் உச்சவரம்பு வைத்துவிடலாமே என்று பலர் சொல்கிறார்கள். வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில், 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்டு 31 வரை, பிரயாண நேரத்தைப் பொறுத்து வரம்பு இருந்தது. மேலே ஒரு கோடு போட்டபோது கீழேயும் ஒரு கோடு போட்டார்கள். ஆகவே முன்கூட்டி வாங்கியவனுக்கும் மலிவு இல்லாமல் போயிற்று. 2023 ஜூனில் ஒடிசாவில் கோரமண்டல் விபத்து நடந்தபோது, புவனேசுவரக் கட்டணத்தை ஏற்றாதீர்கள் என்று கம்பெனிகளுக்குப் புத்தி சொன்னார்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் நாடெங்கும் ரத்தாகிப் பிரயாணிகள் தவித்தபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000 என்று உச்சவரம்பு விதித்தார்கள். சென்னையிலிருந்து டில்லி கடைசி வகையில் சேரும். நால்வர் குடும்பத்துக்கு ஒரு வழிக்கு 72,000 ரூபாய், வரி தனி! வரம்பே இப்படி என்றால் வரம்பு இல்லாதபோது என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நிரந்தர உச்சவரம்பு குடும்பங்களைக் காப்பாற்றும் என்று நாம் நம்பவில்லை. போட்டி இருந்தால்தான் கட்டணம் இறங்கும். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019-ல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023-ல் நின்றது. 2025-ல் உள்நாட்டுப் பிரயாணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஒரே கம்பெனியில் பறந்தார்கள். கடைத்தெருவில் ஒரு கடை மட்டும் திறந்திருந்தால் விலை எப்படி இருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சர்க்கார் செய்யக்கூடியது வேறு இருக்கிறது. ஒவ்வொரு விமானத்திலும் கீழ்ப்படியில் எத்தனை ஆசனம் மிச்சம், மேற்படியின் விலை என்ன என்பதை வாங்குகிறவன் கண்ணில் படும்படி காட்டச் சொல்லலாம். கம்பெனிக்குத் தெரிந்த கணக்கு வாடிக்கைக்காரனுக்கும் தெரியட்டும். விமான எரிபொருள் 2017-ல் வந்த சரக்கு, சேவை வரிக்குள் அடங்கவில்லை. மாநில சர்க்கார்கள் தனியே வரி போடுகின்றன. தமிழ்நாட்டின் வரி விகிதம் நெடுங்காலமாக நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்து வந்திருக்கிறது. சென்னையைப் பெரிய விமான நகரமாக்க விரும்புகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டும். ரயில்வேயும் கோடைக்காலச் சிறப்பு ரயில்களைக் கடைசி நேரத்தில் அறிவிக்காமல் மார்ச்சிலேயே அறிவித்தால், விமானத்தின் மேற்படிக்குத் தள்ளப்படுகிறவர்கள் பாதிப் பேர் கீழே இறங்கிவிடுவார்கள்.

ஆனால் இவையெல்லாம் டில்லியிலும் கோட்டையிலும் நடக்க வேண்டிய காரியங்கள், நாளாகும். லீவுப் பட்டியல் கும்மிடிப்பூண்டியிலேயே நடக்கக்கூடிய காரியம். சிப்காட்டில் உள்ள ஆலை நிர்வாகங்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் தொழிலாளர்களிடம் ஊருக்குப் போகும் தேதியைக் கேட்டு வாங்கட்டும். இரண்டு பேர் ஒரே வாரத்தைக் கேட்டால் போன வருஷம் விட்டுக்கொடுத்தவனுக்கு இந்த வருஷம் முன்னுரிமை என்று பேசித் தீர்க்கட்டும். பிப்ரவரி பதினைந்தாம் தேதிக்குள் பட்டியலை வாயிலருகே நோட்டீஸ் போர்டில், தமிழிலும் இந்தியிலும், ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரையும் சேர்த்து, ஒட்டிவிடட்டும்.